சீனாவில் இந்தியத் தூதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயரும் ஆண்டும் மட்டும் வேண்டுமென்றால் இது ஒரு பக்கப் பட்டியலோடு முடிந்துவிடும். ஆனால் பீஜிங்கில் இந்தியத் தூதராக இருப்பது மற்ற தலைநகரங்களில் இருப்பதுபோல் அல்ல. அங்கே போனவர்கள் டில்லிக்கு எழுதி அனுப்பியதில் எது நம்பப்பட்டது, எது நம்பப்படவில்லை என்பதில்தான் எனக்கு ஆர்வம். அதனால் சில பதில்கள் நீளும், சில இரண்டே வரியில் முடியும்.

சீனாவுக்கு இந்தியாவின் முதல் தூதர் யார்?

கே.பி.எஸ். மேனன். 1947-இல் தூதரானார். அப்போது சீனாவை ஆண்டது சியாங் கை-ஷேக்கின் தேசியவாத அரசு, தலைநகர் நான்ஜிங். சிலர் அவருக்கு அடுத்து வந்த கே.எம். பணிக்கர்தான் முதல் தூதர் என்று எழுதுகிறார்கள். மக்கள் சீனக் குடியரசுக்கு முதல் தூதர் என்று சொன்னால் அது சரி. வெறுமனே 'சீனாவுக்கு' என்றால் மேனன்தான்.

அதற்கு முன்பே, ஆங்கிலேயர் காலத்தில், போர்க்காலத் தலைநகரான சுங்கிங்கில் இந்திய அரசுக்கு 'ஏஜென்ட் ஜெனரல்' என்றொரு பிரதிநிதி இருந்தார். 1942-இல் அந்தப் பதவிக்கு முதலில் போனவர் சர் முகமது ஜஃபருல்லா கான். பிற்பாடு பாகிஸ்தானின் முதல் வெளியுறவு அமைச்சரான அதே ஜஃபருல்லா கான். அவருக்கு அடுத்து வந்தவர் மேனன். 1944-இல் டில்லியிலிருந்து சுங்கிங்குக்கு விமானத்தில் போயிருக்கலாம். அவர் கில்கித், ஹுன்சா, கஷ்கர் வழியாக, மலை ஏறி, நடந்தும் குதிரையிலும் போனார். நாலு மாதத்துக்கு மேல் ஆனது. வேலை பார்க்கும் ஊருக்கு இப்படி ஒரு வழியில் போன அதிகாரி வேறு யாராவது உண்டா தெரியவில்லை.

1949-இல் சீனாவில் ஆட்சி மாறியபோது இந்தியத் தூதரகம் என்ன ஆனது?

அப்போது தூதர் கே.எம். பணிக்கர். கேரளக்காரர், வரலாற்று ஆசிரியர், அதற்கு முன் பிகானேர் சமஸ்தானத்தின் திவான். 1948-இல் நான்ஜிங்குக்குப் போனார். அடுத்த வருஷமே கம்யூனிஸ்டுப் படை நகருக்குள் வந்துவிட்டது. எந்த அரசிடம் அனுப்பப்பட்டாரோ அந்த அரசு தைவானுக்கு ஓடிப்போக, அவர் அங்கேயே மாட்டிக்கொண்டார்.

1949 டிசம்பர் 30 அன்று இந்தியா புதிய அரசை அங்கீகரித்தது. 1950 ஏப்ரல் 1-இல் தூதரக உறவு முறைப்படி தொடங்கியது. அதே பணிக்கரை நேரு திரும்ப பீஜிங்குக்கு அனுப்பினார். மே 20-இல் மாவோவிடம் நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். ஆக, சியாங் கை-ஷேக்கின் அரசு, மாவோவின் அரசு இரண்டுக்கும் இந்தியத் தூதராக இருந்தவர் பணிக்கர் ஒருவர்தான்.

கொரியப் போரில் பணிக்கருக்கு வந்த நள்ளிரவு அழைப்பு என்பது என்ன?

இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1950 செப்டம்பரில் அமெரிக்கப் படைகள் இன்சோனில் இறங்கி, வட கொரியப் படையை விரட்டிக்கொண்டு, இரு கொரியாக்களையும் பிரித்த 38-ஆம் இணைகோட்டை நெருங்கிவிட்டன. கோட்டைத் தாண்டினால் சீனா சும்மா இருக்குமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தூதரக உறவு கிடையாது. ஒரு செய்தியை வாஷிங்டனுக்குச் சேர்க்க வேண்டுமானால் மூன்றாம் ஆள் வழியாகத்தான் சேர்க்க வேண்டும்.

அக்டோபர் 2 இரவு பணிக்கர் படுத்துவிட்டார். நள்ளிரவு தாண்டி, பிரதமர் சௌ என்லாய் பார்க்க விரும்புகிறார் என்று அழைப்பு வந்தது. போனார். சௌ சொன்னது சுருக்கமானது: தென் கொரியப் படை மட்டும் கோட்டைத் தாண்டினால் அது வேறு விஷயம், அமெரிக்கப் படை தாண்டினால் சீனா தலையிடும். பணிக்கர் உடனே டில்லிக்குத் தந்தி கொடுத்தார். டில்லி அதை லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் அனுப்பியது.

வாஷிங்டன் நம்பவில்லை. பணிக்கர் ஏற்கெனவே சீனாவுக்குச் சாதகமாகப் பேசுபவர், அவர் வாய்வழியாக வந்த மிரட்டலை எதற்குப் பொருட்படுத்த வேண்டும் என்பது அங்கிருந்த எண்ணம். அமெரிக்கப் படைகள் சில நாளிலேயே கோட்டைத் தாண்டின. அக்டோபர் 19-இல் சீனப் படை யாலு ஆற்றைக் கடந்தது. அப்புறம் நடந்தது மூன்று வருஷப் போர். தபால் சரியாகத்தான் வந்தது. தபால்காரரைப் பிடிக்கவில்லை என்பதற்காக யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அப்படியானால் பணிக்கர் எல்லாவற்றையும் சரியாகக் கணித்தவரா? திபெத் விஷயத்தில் ஏமாந்தார் என்கிறார்களே?

இல்லை. கொரியாவில் சரியாகச் சொன்ன அதே மாதத்தில் திபெத்தில் அவருடைய கணிப்பு பொய்த்தது. 1950 அக்டோபரில் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. பேச்சுவார்த்தை வழியில் தீர்த்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்திருந்த டில்லி அதிர்ந்துபோனது.

அதற்கு முன் ஆகஸ்டு 26-இல் பணிக்கர் சீன அரசிடம் கொடுத்த குறிப்பில் ஒரு சொல் சிக்கலானது. திபெத்தின் மீது சீனாவுக்கு இருப்பது 'மேலாதிக்கம்' என்பதுதான் டில்லியின் வழக்கமான சொல். அதாவது திபெத்துக்குத் தன்னாட்சி உண்டு, சீனாவுக்குப் பெயரளவில் மேலுரிமை. குறிப்பிலோ 'இறையாண்மை' என்று இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. நில விவகாரத்தில் 'அனுபவ பாத்தியதை'க்கும் 'முழு உரிமை'க்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1950 நவம்பர் 7-இல் சர்தார் படேல் நேருவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், நம் தூதர் சீனாவின் செயலுக்கு நியாயம் தேடிக் கொடுப்பதிலேயே சிரமப்படுகிறார் என்று நேரடியாகவே குறை சொன்னார். பணிக்கரை மாற்றவில்லை. 1952 வரை இருந்தார்.

என் கருத்து, அவரை மட்டும் குற்றம் சொல்வது வசதியான வேலை. சீனாவோடு நட்பு வேண்டும் என்பது நேருவின் முடிவு. அந்த முடிவுக்கு ஏற்ற தூதரை அவர் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

பஞ்சசீல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நேருவும் சௌ என்லாயுமா?

பாடப்புத்தகத்தில் படம் அப்படித்தான் மனதில் பதிகிறது. கையெழுத்திட்டவர்கள் தூதர் என். ராகவனும் சீனத் துணை வெளியுறவு அமைச்சர் சாங் ஹான்ஃபுவும். 1954 ஏப்ரல் 29, பீஜிங்.

ராகவனின் முன்கதை சுவாரசியமானது. பினாங்கில் வழக்கறிஞராக இருந்தவர். மலாயா இந்தியர்களின் மத்திய சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்த தமிழ்த் தொழிலாளர்களின் கூலிக்காகப் பேசிய சங்கம் அது. போர்க்காலத்தில் சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் அரசில் நிதி அமைச்சர். அங்கிருந்து பீஜிங் தூதர்.

ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு விஷயம். பஞ்சசீலம் என்ற, இரு நாடுகளும் அமைதியாக வாழ்வதற்கான ஐந்து கொள்கைகளும் அதன் முன்னுரையில்தான் வரும். உள்ளே இருப்பது திபெத்தில் வணிகம், யாத்திரை பற்றிய விதிகள். திபெத்தில் இந்தியா வைத்திருந்த காவல் படை, தபால்-தந்தி வசதிகள் எல்லாம் சீனாவிடம் போயின. எல்லை பற்றி ஒரு வரி கிடையாது. ஒப்பந்தத்தின் ஆயுள் எட்டு வருஷம். 1962 ஜூனில் காலாவதியானது. அதே அக்டோபரில் போர்.

ஜி. பார்த்தசாரதி தமிழர்தானே?

ஆமாம். அரசியல் வட்டாரத்தில் 'ஜி.பி.'. காஷ்மீர் சமஸ்தானத்தின் பிரதமராக இருந்த, அரசியல் சாசனத்தின் 370-ஆவது பிரிவை உருவாக்கிய என். கோபாலசாமி அய்யங்காரின் மகன். சென்னை அணிக்கு முதல்தரக் கிரிக்கெட் ஆடியவர், 'தி ஹிந்து'வில் பத்திரிகையாளராக இருந்தவர்.

1958-இல் ஆர்.கே. நேருவுக்கு அடுத்து பீஜிங் போனார். போன நேரம் அப்படி. 1959 மார்ச்சில் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். ஆகஸ்டில் எல்லையில் லோங்ஜுவில் துப்பாக்கிச் சூடு, அக்டோபரில் கொங்கா கணவாயில் இந்தியக் காவலர்கள் கொல்லப்பட்டார்கள். 1960 ஏப்ரலில் சௌ என்லாய் டில்லி வந்து பேசியும் ஒன்றும் ஆகவில்லை. 1961 ஜூலையில் ஜி.பி. திரும்பினார். அவருக்குப் பதில் வேறு தூதரை இந்தியா அனுப்பவில்லை.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தப் பெயர் வேறு வகையில் பழக்கம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்புக்கும் டில்லிக்கும் அலைந்து, 'இணைப்பு சி' என்ற தீர்வுத் திட்டம் உருவாகக் காரணமாக இருந்தவர் இதே பார்த்தசாரதிதான்.

1962 போரில் இரு நாடுகளும் தூதரக உறவை முறித்துக்கொண்டனவா?

இல்லை. இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சண்டை நடந்த நாட்களிலும் பீஜிங்கில் இந்தியத் தூதரகம் இருந்தது, டில்லியில் சீனத் தூதரகம் இருந்தது. தூதர்கள்தான் இல்லை. சீனத் தூதர் பான் ட்சுலியும் போருக்கு முன்பே, 1962 ஜூலையில், டில்லியை விட்டுக் கிளம்பிவிட்டார்.

தூதர் இல்லாத தூதரகத்தைப் 'பொறுப்புத் தூதர்' ஒருவர் நடத்துவார். கதவு மூடவில்லை, ஆனால் வீட்டுப் பெரியவர் வெளியே போய்விட்டார் என்பதுபோல. தூதர் ஒரு நாட்டுத் தலைவரின் பெயரால் இன்னொரு நாட்டுத் தலைவரிடம் அனுப்பப்படுபவர். பொறுப்புத் தூதரோ வெளியுறவு அமைச்சக மட்டத்தோடு நிற்பவர். போர்க்காலத்தில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் பி.கே. பானர்ஜி. சீனா தானாகவே சண்டையை நிறுத்தப்போகிறது என்பதை சௌ என்லாய் அவரைக் கூப்பிட்டுத்தான் சொன்னார்.

ஆனால் லாசாவில் இருந்த இந்தியத் துணைத் தூதரகம் 1962-இல் மூடப்பட்டது.

1967-இல் இந்தியத் தூதரக அதிகாரிகளை அடித்தார்களாமே?

உண்மைதான். கலாசாரப் புரட்சி உச்சத்தில் இருந்த நேரம். ஜூன் மாதம் கே. ரகுநாத், பி. விஜய் என்ற இரண்டு இளம் அதிகாரிகள் பீஜிங்குக்கு வெளியே படம் எடுத்தபோது பிடிபட்டார்கள். ஒற்றர்கள் என்று குற்றம் சாட்டி நாட்டை விட்டு வெளியேற்றினார்கள். விமான நிலையத்தில், மாவோவின் இளைஞர் படையான செங்காவலர் கூட்டம் இருவரையும் அடித்து உதைத்தது. பதிலுக்கு இந்தியாவும் சீன அதிகாரிகளை வெளியேற்றியது. டில்லியில் ஒரு கூட்டம் சீனத் தூதரகத்துக்குள் புகுந்து தாக்கியது. உடனே பீஜிங்கில் இந்தியத் தூதரகத்தைச் சுற்றி முற்றுகை. அந்த ரகுநாத் முப்பது வருஷம் கழித்து, 1997-இல், வெளியுறவுச் செயலர் ஆனார்.

'மாவோவின் புன்னகை' என்பது என்ன?

1970 மே 1, தியானன்மென். மே தின விழா மேடையில் வெளிநாட்டுத் தூதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். இந்தியாவுக்குத் தூதர் இல்லாததால் நின்றவர் பொறுப்புத் தூதர் பிரஜேஷ் மிஸ்ரா. கை குலுக்கிக்கொண்டே வந்த மாவோ அவர் முன் நின்று சிரித்தார். இந்தியா பெரிய நாடு, இந்திய மக்கள் நல்லவர்கள், இப்படியே எத்தனை நாள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது, மறுபடி நண்பர்களாக வேண்டும் என்ற பொருளில் சில வார்த்தைகள்.

மிஸ்ரா உடனே டில்லிக்கு எழுதினார். டில்லி தயங்கியது. ஒரு கிழவரின் மரியாதைப் பேச்சா, அல்லது கொள்கை மாற்றமா? அதற்குள் 1971 வந்துவிட்டது. வங்கதேசப் போர், இந்திய-சோவியத் ஒப்பந்தம், சீன-அமெரிக்க நெருக்கம். புன்னகை அப்படியே நின்றுபோனது.

மிஸ்ராவின் கதை அதோடு முடியவில்லை. வாஜ்பாய் காலத்தில் நாட்டின் முதல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார். எல்லைப் பேச்சுக்கென 2003-இல் இரு நாடுகளும் சிறப்புப் பிரதிநிதிகளை நியமித்தபோது இந்தியாவின் முதல் பிரதிநிதியும் அவரே.

பதினைந்து வருஷத்துக்குப் பிறகு போன தூதர் யார்?

கே.ஆர். நாராயணன். 1976 ஏப்ரலில் அறிவிப்பு, ஜூலையில் பீஜிங். அந்த வருஷத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஜனவரியில் சௌ என்லாய் இறந்தார். ஜூலை 28-இல் தாங்ஷான் நிலநடுக்கம் பீஜிங்கையும் உலுக்கியது. செப்டம்பரில் மாவோ இறந்தார், அக்டோபரில் மாவோவின் மனைவி உட்பட நாலு தலைவர்கள் அடங்கிய 'நால்வர் கும்பல்' கைதானது. புதுத் தூதர் யாரிடம் பேசுவது என்றே தெரிந்திருக்காது.

கேரளத்தின் உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தவர் நாராயணன். 1997-இல் குடியரசுத் தலைவரானார். 2000-இல் அந்தப் பதவியிலேயே சீனாவுக்குப் போய் வந்தார்.

ஒரு சின்னப் பொருத்தம்: இடைவெளிக்கு முன் கடைசித் தூதர் பார்த்தசாரதி, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். இடைவெளிக்குப் பின் முதல் தூதர் நாராயணனும் பிறகு அங்கே துணைவேந்தராக இருந்தார்.

ஒரே குடும்பத்தில் மூன்று பேர் சீனாவில் இந்தியத் தூதர்களாக இருந்தார்களா?

இருந்தார்கள். முதல் தூதர் கே.பி.எஸ். மேனன். அவர் மகன், அதே பெயர் கொண்ட கே.பி.எஸ். மேனன் இளையவர், 1985 முதல் 1987 வரை. பேரன் சிவசங்கர் மேனன் 2000 முதல் 2003 வரை. மூவரும் வெளியுறவுச் செயலர்களாகவும் இருந்தார்கள் என்பது இன்னும் பெரிய விஷயம். வெளியுறவுத் துறை ஒரு சில குடும்பங்களின் சொத்தாக இருந்தது என்று குறை சொல்பவர்களுக்கு இதைவிட வாகான உதாரணம் கிடைக்காது. மூவரும் திறமைசாலிகள் என்பதும் நிஜம்.

ஏ.பி. வெங்கடேஸ்வரன் ராஜினாமா செய்தது சீனாவில் தூதராக இருந்தபோதா?

இல்லை. அவர் 1982 முதல் 1985 வரை பீஜிங்கில் இருந்தார். ராஜினாமா செய்தது வெளியுறவுச் செயலராக இருந்தபோது. 1987 ஜனவரியில் செய்தியாளர் கூட்டத்தில் ராஜீவ் காந்தி, "விரைவில் புதிய வெளியுறவுச் செயலர் வருவார்" என்ற பொருளில் பேச, அங்கேயே உட்கார்ந்திருந்த வெங்கடேஸ்வரனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அன்றே ராஜினாமா. அவர் இடத்துக்கு வந்தவர் மேலே சொன்ன இளைய மேனன்.

ராஜீவ் காந்தி சீனா போன சமயத்தில் தூதர் யார்?

சி.வி. ரங்கநாதன். 1988 டிசம்பர். நேரு போய் 34 வருஷம் கழித்து ஓர் இந்தியப் பிரதமர் அங்கே போனார். சீனாவின் அப்போதைய உச்சத் தலைவர் டெங் சியாவோபிங் ராஜீவின் கையை விடாமல் நெடுநேரம் குலுக்கியது அன்றைக்குப் பெரிய செய்தி. எல்லைத் தகராறு தீரும்வரை மற்ற உறவுகளை நிறுத்தி வைக்க வேண்டாம் என்ற ஏற்பாடு அங்கிருந்து தொடங்கியது.

பெண் தூதர் யாராவது உண்டா?

நிருபமா ராவ், 2006 முதல் 2009 வரை. அதற்கு முன் கொழும்பில் இந்திய ஹை கமிஷனர். 2008 மார்ச்சில் திபெத்தியப் போராட்டக்காரர்கள் டில்லி சீனத் தூதரகத்துக்குள் ஏறிக் குதித்தார்கள். சீன வெளியுறவு அமைச்சகம் அவரை அதிகாலை 2 மணிக்குக் கூப்பிட்டு எதிர்ப்பைத் தெரிவித்தது. பணிக்கருக்கு வந்த அழைப்பு நம்பிச் சொன்ன சேதி. இது கோபத்தைக் காட்ட நேரம் பார்த்துச் செய்தது.

அதிக காலம் இருந்தவர்?

எஸ். ஜெய்சங்கர், 2009 முதல் 2013 வரை, சுமார் நாலரை வருஷம். டில்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், பாதுகாப்பு விவகார அறிஞர் கே. சுப்ரமணியத்தின் மகன். பிறகு வெளியுறவுச் செயலர், 2019 முதல் வெளியுறவு அமைச்சர்.

பீஜிங் போனால் வெளியுறவுச் செயலர் ஆகிவிடலாமா?

விதி ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு அப்படித்தான் இருக்கிறது. சிவசங்கர் மேனன் 2006-இல் பதவியேற்றதிலிருந்து விக்ரம் மிஸ்ரி வரையிலான ஒன்பது செயலர்களில் ஐந்து பேர் பீஜிங்கில் தூதராக இருந்தவர்கள்: மேனன், நிருபமா ராவ், ஜெய்சங்கர், விஜய் கோகலே, மிஸ்ரி. கோகலே 2017-இல் பூட்டான் எல்லையருகே நடந்த டோக்லாம் நெருக்கடியின்போதும், மிஸ்ரி 2020-இல் லடாக் எல்லையில் நடந்த கல்வான் மோதலின்போதும் அங்கே இருந்தார்கள். ஒரு காலத்தில் மாஸ்கோ, வாஷிங்டன் என்று இருந்த முக்கியத்துவம் எங்கே நகர்ந்திருக்கிறது என்பது இதில் தெரிகிறது.

கொழும்பில் ஹை கமிஷனர், பீஜிங்கில் தூதர். ஏன்?

காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவர் ஹை கமிஷனர். மற்ற நாடுகளுக்குப் போகிறவர் தூதர். வேலை ஒன்றுதான்.

தைவானுக்கு இந்தியத் தூதர் உண்டா?

கிடையாது. 1949 டிசம்பரில் அங்கீகாரம் மாறியதோடு அந்த உறவு முடிந்தது. 1995 முதல் தைபேயில் 'இந்தியா-தைபே சங்கம்' என்ற அலுவலகம் இருக்கிறது. தலைவர் பதவியின் பெயர் டைரக்டர் ஜெனரல். விசா, வணிகம் எல்லாம் அங்கே நடக்கும். தூதரகம் என்ற பெயர்ப்பலகை மட்டும் இருக்காது.

கல்வானுக்குப் பிறகு மறுபடியும் தூதர்களைத் திரும்ப அழைத்தார்களா?

இல்லை. 1961-போல் இந்தியா செய்யவில்லை. 20 இந்திய வீரர்கள் இறந்த பிறகும் மிஸ்ரி அங்கேயே இருந்தார், 2022-இல் பிரதீப் குமார் ராவத் அடுத்த தூதராகப் போனார். இந்த முறை காலியாகக் கிடந்தது டில்லியில் இருக்கும் சீன நாற்காலி. 2022 அக்டோபரில் சுன் வெய்டோங் போன பிறகு சுமார் ஒன்றரை வருஷம் சீனா யாரையும் அனுப்பவில்லை. 2024 மே மாதம் ஷு ஃபெய்ஹோங் வந்து சேர்ந்தார். அந்த அக்டோபரில் லடாக் எல்லையின் டெப்சாங், டெம்சோக் பகுதிகளில் ரோந்து போவது பற்றி இரு நாடுகளும் உடன்பாட்டுக்கு வந்தன.